ஆறு யாருடைய விளையாட்டுத் திடல்?

ஜூன் இரண்டாவது வாரத்தை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை தெலுங்கானாவைத் தொடுகிறது. ஏறத்தாழ அதே நாட்களில்தான் 'மிருகசிரா கார்த்தி' வருகிறது. அன்று மீன் சமைத்து உண்பது ஹைதராபாத் மக்களின் நெடுநாள் வழக்கம். ராம்நகர் சந்தையிலும் பேகம் பஜாரிலும் விடியற்காலையிலேயே கூட்டம் அலைமோதும். அன்று விரால் மீனுக்குத் தனி மதிப்பு உண்டு. தெலுங்கில் 'கொர்ரமீனு' என்று அழைக்கப்படும் இந்த விரால்தான் தெலுங்கானாவின் மாநில மீன்.

இதே மழையை எதிர்பார்த்து வேறு இரு சாராரும் காத்திருக்கின்றனர். முதல் சாரார் மீன்கள். புதுவெள்ளம் வந்ததும் கெண்டையும் கெளுத்தியும் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி, ஆழமற்ற துறைகளில், கூழாங்கல் படுகைகளில் முட்டையிடும். விராலோ ஏரியின் புல் மண்டிய ஓரத்தில் இடம் ஒதுக்கி முட்டையிட்டு, குஞ்சுகள் தனித்து நீந்தும் வரை காவல் நிற்கும். இன்னொரு சாரார் நகரத்தின் மேற்கே புதிதாக எழுந்துள்ள கண்ணாடி மாளிகைகளில் வாழ்வோர். வார இறுதியில் நான்கு சக்கரங்களும் இயங்கும் வாகனங்களில் அணியணியாகப் புறப்பட்டு, சாலையை விட்டு இறங்கி, காட்டுக்குள்ளும் ஓடைக்குள்ளும் ஏரிப்படுகைக்குள்ளும் ஓட்டுவது இவர்களுடைய பொழுதுபோக்கு. இதற்கு 'ஆஃப்-ரோடு' என்று பெயர்.

இவ்விரு சாராரும் தேடி வருவது ஒரே இடத்தைத்தான். முழங்கால் அளவு தண்ணீரும் காலூன்றக் கூழாங்கல் தரையும் உள்ள இடம். வாகனம் கடப்பதற்கு வசதியான ஆற்றுத்துறை எதுவோ, பெரும்பாலும் மீன் முட்டையிடுவதற்கு உகந்த துறையும் அதுவே. பிரச்சனை இங்கேதான் தொடங்குகிறது.

இது ஒரு சில பணக்கார இளைஞர்களின் விளையாட்டு, இதைப் பற்றி நமது பத்திரிகை எழுத வேண்டுமா என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். ஆனால் இதற்குள் ஒரு வர்க்கக் கேள்வி இருக்கிறது: பொதுவான நீர்நிலை யாருடைய பயன்பாட்டுக்கு உரியது? அந்தக் கேள்விக்கு இன்றைய ஆட்சியாளர்கள் அளிக்கும் பதில் என்ன?

சக்கரம் செய்யும் சேதம்

ஓடையின் அடித்தளம் வெறும் கல்லும் மணலும் அல்ல. கற்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகளில் நீர் ஊடுருவிச் சென்று உயிர்வளியைக் கொண்டு சேர்க்கிறது. அந்த இடைவெளிகளில்தான் மீனின் முட்டைகள் தங்கிப் பொரிகின்றன. மீன்குஞ்சுகளுக்கு இரையாகும் பூச்சிப் புழுக்களும் அங்கேயே வாழ்கின்றன. நம்மூர் அயிரை போன்ற சிறு மீன்கள் அந்த மணலையே வீடாகக் கொண்டவை. வாகனம் அதன் மீது ஏறும்போது முட்டைகள் நசுங்குகின்றன. அதைவிடப் பெரிய தீங்கு, கிளறப்பட்ட நுண்வண்டல் சற்றுத் தொலைவு மிதந்து சென்று கீழே படிந்து, கற்களுக்கு இடையேயான வழிகளை அடைத்துவிடுவது. நசுங்காமல் தப்பிய முட்டைகளும் மூச்சுத் திணறி அழுகுகின்றன. வண்டல் வளர்ந்த மீன்களின் செவுள்களிலும் படிகிறது. கலங்கிய நீரில் மீனால் இரையைக் காண முடிவதில்லை. ஏறும் கரையில் சக்கரம் தோண்டிய தடம், அடுத்த மழைக்கு வாய்க்காலாக மாறி மேலும் மண்ணை ஆற்றுக்குள் இறக்குகிறது.

இவை கற்பனைகள் அல்ல. அமெரிக்காவின் மொன்டானாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்வொன்று, தூண்டிலுடன் ஆற்றில் இறங்கி நடக்கும் மனிதர்களின் காலடியே டிரவுட் மீன் முட்டைகளை என்ன செய்கிறது என்று சோதித்தது. முட்டை வளரும் காலம் முழுவதும் நாளொன்றுக்கு இரு முறை மிதிக்கப்பட்ட இடங்களில் 96 சதவீதம் வரை முட்டைகளும் குஞ்சுகளும் அழிந்தன. பொரிவதற்குச் சற்று முன் ஒரே ஒரு முறை மிதித்ததிலேயே 43 சதவீதம் வரை அழிந்தன. மனிதனின் பாதமே இவ்வளவு செய்யுமானால், ஏறத்தாழ 2 டன் எடையுள்ள வாகனங்கள் வரிசையாகக் கடப்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அதே அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் நந்தஹாலா தேசியக் காட்டில், டெல்லிகோ ஆற்றின் தலைப்பகுதியில் ஏறத்தாழ 40 மைல் நீளத்துக்கு ஆஃப்-ரோடு தடங்கள் இருந்தன. நாடு முழுவதிலுமிருந்து வாகனப் பிரியர்கள் அங்கே குவிந்தனர். அரிக்கப்பட்ட மண் ஆற்றில் இறங்கி, அங்கு வாழும் புரூக் டிரவுட் மீன்களைப் பாதித்ததால், 2009இல் அமெரிக்க வனத்துறை அந்தத் தடங்களை மூடிவிட்டது. வாகன முதலாளித்துவத்தின் தாயகமே எடுக்க நேர்ந்த முடிவு இது.

டயர் பற்றியும் ஒரு செய்தி உண்டு. டயர் ரப்பர் வெடிக்காதிருக்கச் சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருள், காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து உருவாகும் நஞ்சுதான் கோஹோ சால்மன் மீன்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று வந்தது என்பதை வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் 2020 டிசம்பரில் வெளிப்படுத்தினர். எல்லா மீன்களுக்கும் அதே அளவு தீங்கு நேரும் என்று இதற்குப் பொருள் அல்ல. ஆனால் டயர் தண்ணீருக்குள் இறங்குவது தீங்கற்ற செயல் என்ற எண்ணம் பொய் என்பதற்கு இது போதும்.

வெள்ளமே இதைவிட அதிக வண்டலைக் கொண்டுவருகிறதே என்று வாதிடுவோர் உண்டு. வெள்ளம் வண்டலைக் கொண்டுவருகிறது, கொண்டும் செல்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த ஓட்டத்துக்கு ஏற்பவே மீன்களின் வாழ்க்கைச் சக்கரம் அமைந்துள்ளது. வாகனமோ வெள்ளத்தில் இறங்குவதில்லை. வெள்ளம் வடிந்து, மீன் முட்டையிட்டு முடித்த பிறகு, ஓட்டம் குறைந்த நீரில்தான் இறங்குகிறது. அப்போது கிளறப்படும் வண்டலைக் கொண்டு செல்ல ஆற்றுக்கு வலு இருப்பதில்லை. மாட்டு வண்டியும் ஆற்றைக் கடந்ததே என்ற வாதமும் அத்தகையதே. மாட்டு வண்டி தேவைக்காக, ஒரே துறையில், நடக்கும் வேகத்தில் கடந்து அக்கரை சேர்ந்தது. கேளிக்கை வாகனம் கடப்பதற்காக வருவதில்லை. நீரை வாரியிறைத்துப் படம் எடுப்பதற்காக, அதே இடத்தில் திரும்பத் திரும்ப முன்னும் பின்னும் ஓடுகிறது.

மூசி ஆறும் இரட்டை ஏரிகளும்

மூசி ஆறு விகாராபாத் அருகே ஆனந்தகிரி மலைகளில் பிறக்கிறது. ஹைதராபாத்தின் நடுவே ஓடி, நல்கொண்டா மாவட்டத்தின் வாடபல்லியில் கிருஷ்ணா ஆற்றில் கலக்கிறது. 1908 செப்டம்பர் 28 அன்று அது பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறித்தது. அதன் பின்னரே 1920இல் உஸ்மான் சாகரும் 1927இல் ஹிமாயத் சாகரும் கட்டி முடிக்கப்பட்டன. நகரத்துக்குள் நுழைந்த பின் மூசி சாக்கடையாகிவிடுகிறது. மீன் வாழத்தக்க மூசி என்று இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்த இரட்டை ஏரிகளுக்கு மேலே உள்ள ஓடைகளும், ஏரிகளின் ஓரங்களுமே. நகரத்துக்கு அருகே மலையும் காடும் நீரும் ஒருங்கே கிடைப்பதால் ஆஃப்-ரோடு ஆர்வலர்களுக்கும் இதே பகுதி பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆனந்தகிரிக் காட்டுக்குள் வாகனங்கள் பாய்ந்து ஓடிய காட்சிகள் செய்தியாகிக் கண்டனத்துக்கும் உள்ளாகியுள்ளன.

இந்த ஏரிகளைக் காக்க 1996 மார்ச் 8 அன்று 111ஆம் எண் அரசாணை பிறப்பிக்கப்பட்டது. ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டர் தொலைவுக்குள், 84 கிராமங்களில், மாசுபடுத்தும் ஆலைகளும் பெரிய விடுதிகளும் குடியிருப்பு மனைத்திட்டங்களும் தடைசெய்யப்பட்டன. 2022 ஏப்ரலில் 69ஆம் எண் அரசாணை மூலம் அந்தக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. நிலத்தின் விலை ஏறியது. பண்ணை வீடுகளும் கேளிக்கை விடுதிகளும் பெருகுவதற்கான வழி திறக்கப்பட்டது. வார இறுதி வாகனம் தானாக ஓடைக்குள் இறங்கவில்லை. ரியல் எஸ்டேட் மூலதனம் போட்டுக்கொடுத்த பாதையில்தான் அது இறங்குகிறது.

இப்போது ஒரு முரண்பாட்டைக் கவனிப்போம். 2024 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மூசி ஆற்றங்கரை மேம்பாடு என்ற பெயரில், ஆற்றுப்படுகையில் பல்லாண்டுகளாக வாழ்ந்து வந்த ஏழைகளின் வீட்டுச் சுவர்களில் அதிகாரிகள் சிவப்பு மையால் அடையாளக் குறி இட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன. வேறிடம் என்ற பெயரில் தொழிலிடத்திலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் வெகு தொலைவுக்கு அவர்கள் அனுப்பப்பட்டனர். ஆற்றுப்படுகையில் குடிசை போட்டவன் ஆக்கிரமிப்பாளன். அதே ஆற்றின் மேற்பகுதியில் படுகைக்குள்ளேயே வாகனம் ஓட்டுபவன் சாகசச் சுற்றுலாப் பயணி. ஆற்றைக் காப்பாற்றுகிறோம் என்போரின் கண்களுக்கு ஏழையின் கூரை தெரிகிறது, பணக்காரனின் சக்கரம் தெரிவதில்லை.

வலையை நிறுத்தச் சொல்லும் அரசு

உள்நாட்டு மீன்வளம் சிறிய விஷயம் அல்ல. 2022-23இல் இந்தியாவின் மொத்த மீன் உற்பத்தி 175 லட்சம் டன். அதில் 131 லட்சம் டன் உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து கிடைத்தது. இதில் பெரும்பகுதி வளர்ப்பு மீன் என்பது உண்மையே. ஆனால் குளம் குத்தகைக்கு எடுக்க வசதியற்ற ஏழைக்கு ஆற்றிலும் ஓடையிலும் கிடைக்கும் மீன்தான் கூலியும் புரதமும். தெலுங்கானாவில் கங்கபுத்திரர், பெஸ்தா, முதிராஜ் சமூகங்களைச் சேர்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே ஏரி மீன்பிடிப்பை நம்பி வாழ்கின்றன. 2016-17 முதல் மாநில அரசு இலவச மீன்குஞ்சுகளை ஏரிகளில் விடுகிறது. மக்கள் வரிப்பணத்தில் குஞ்சுகளை விட்டுவிட்டு, இயற்கை தானே தரும் குஞ்சுகளைச் சக்கரத்துக்கு அடியில் விடுவது என்ன கொள்கை?

நமது தமிழகக் கடலோர மீனவர்களை எண்ணிப் பாருங்கள். மீன் இனப்பெருக்கக் காலம் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்த 61 நாட்களும் மீனவக் குடும்பங்கள் படும் பாட்டை நாம் அறிவோம். உழைப்பாளி தன் பிழைப்பை நிறுத்தி மீனின் இனப்பெருக்கத்துக்கு இடம் தருகிறான். கேளிக்கைக்கு வருபவன் மட்டும் மீன் முட்டையிடும் நாளிலேயே முட்டையிடும் இடத்தில் வாகனம் ஓட்டலாம்! 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. முட்டையோடு படுகையையே நசுக்கும் சக்கரத்தைப் பற்றி அதில் பேச்சில்லை.

2022 ஏப்ரலில் லடாக்கின் பாங்காங் ஏரியில் சொகுசு வாகனம் ஓட்டப்பட்ட காணொளி நாடெங்கும் பரவியது. 2023 டிசம்பரில் இமாச்சலத்தின் லாஹுல் பகுதியில் போக்குவரத்து நெரிசலைத் தவிர்க்க ஒருவர் சந்திரா ஆற்றுக்குள்ளேயே வாகனத்தை ஓட்டினார். மோட்டார் வாகனச் சட்டப்படி காவல்துறை அபராதம் விதித்தது. நடவடிக்கை சரியே. ஆனால் ஓட்டியவரின் உயிருக்கு ஆபத்து என்ற கோணத்தில்தான் சட்டம் அதைப் பார்த்தது. ஆற்றுக்குள் உயிர்கள் உண்டு, அவற்றை நம்பி மனிதர்கள் உண்டு என்ற கோணம் எங்கும் எழவில்லை. வாகன நிறுவனங்களோ தண்ணீரில் இத்தனை மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கும் என்று விளம்பரம் செய்கின்றன. ஓடையைக் கிழித்துப் பாயும் காட்சியே அவர்களுடைய விற்பனைப் பொருள்.

வரலாறு நமக்குச் சொல்வது

கேளிக்கைக்காகப் பொதுநிலம் பறிக்கப்படுவது புதிதல்ல. 'மூலதனம்' முதல் பாகத்தில் மார்க்ஸ் ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தின் கதையை விவரிக்கிறார். 1814க்கும் 1820க்கும் இடையே சதர்லாந்து சீமாட்டி ஏறத்தாழ 15,000 மக்களைத் தங்கள் நிலத்திலிருந்து விரட்டி அதை ஆட்டுப் பண்ணையாக்கினார். பின்னர் மேட்டுநிலத்தின் பல பகுதிகள் பிரபுக்களின் மான் வேட்டைக் காடுகளாயின. விரட்டப்பட்டவர்கள் கடற்கரையில் ஒதுங்கி மீன் பிடித்துப் பிழைத்தனர். அந்த மீனின் வாடையில் லாபத்தை மோப்பம் பிடித்த பெரியவர்கள், கடற்கரையையும் லண்டன் மீன் வியாபாரிகளுக்குக் குத்தகைக்கு விட்டனர். உழைப்பவன் ஒதுங்கிய கடைசி இடத்தையும் மூலதனம் விட்டுவைப்பதில்லை என்பதே அக்கதை கூறும் பாடம்.

தெலுங்கானா மண்ணுக்கே சொந்த வரலாறு உண்டு. நிஜாம் ஆட்சியில் வெட்டி உழைப்பின் கொடுமையை விவரிக்கும்போது, பெஸ்தா உள்ளிட்ட சமூகத்தார் நிலப்பிரபுக் குடும்பத்தினரைப் பல்லக்கில் வைத்து ஊர் ஊராகத் தோளில் சுமக்க நிர்ப்பந்திக்கப்பட்டதைத் தோழர் பி. சுந்தரய்யா தமது தெலுங்கானா போராட்ட நூலில் பதிவு செய்துள்ளார். 1946 முதல் 1951 வரை நடந்த வீரம் செறிந்த ஆயுதப் போராட்டம் அந்தப் பல்லக்கை இறக்கி வைத்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் வலை வீசும் நீரில் இன்று புதிய பிரபுக்களின் வாகனங்கள் ஓடுகின்றன.

தமிழகத்துக்கு இது அந்நியமான செய்தி அல்ல. நம் ஆறுகளுக்குள் இறங்கிய சக்கரங்களில் மிகப் பெரியவை மணல் லாரிகளின் சக்கரங்களே. பாலாறு, காவிரி, வைகை, தாமிரபரணி என எங்கும் ஆற்றுக்கு நடுவே மண்பாதை போட்டு, பொக்லைனும் லாரியும் இறக்கப்பட்டன. ஆஃப்-ரோடு வாகனங்கள் செய்யும் சேதத்தைப் போல் பன்மடங்கு சேதத்தை மணல் கொள்ளை செய்கிறது. ஆயினும் இரண்டின் பின்னாலும் ஒரே பார்வைதான் உள்ளது: ஆறு உயிருள்ள அமைப்பு அல்ல, அது ஒரு வெற்றுத்தரை என்ற பார்வை. தாமிரபரணிக்காகத் தோழர் இரா. நல்லகண்ணு தாமே நீதிமன்றத்தில் வாதாடி, 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மூலம் மணல் அள்ள 5 ஆண்டுத் தடை பெற்றார். ஆற்றைக் காப்பது உழைக்கும் மக்களின் அரசியல் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நாம் கோர வேண்டியது

இளைஞர்களின் மகிழ்ச்சிக்கு நாம் எதிரிகள் அல்ல. சம்பளத்துக்காக ஜீப் ஓட்டும் உள்ளூர் ஓட்டுநரோ, விடுதியில் பணிபுரியும் தொழிலாளியோ, மணல் லாரியின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் தோழரோ நமது எதிரி அல்லர். அவர்களது பிழைப்பையும் கணக்கில் கொண்டே நமது கோரிக்கைகள் அமைய வேண்டும்.

முதலாவதாக, ஆற்றுத்துறைகளிலும் ஓடைகளிலும் ஏரி ஓரங்களிலும் மீன் முட்டையிடும் இடங்களை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் துணையோடு கணக்கெடுக்க வேண்டும். எந்த மீன் எங்கே ஏறும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. இரண்டாவதாக, கேளிக்கை வாகனங்கள் நீர்நிலைக்குள் இறங்குவதை ஆண்டு முழுவதும் தடை செய்ய வேண்டும். கைவிடப்பட்ட கல்குவாரிகளும் தரிசு நிலங்களும் ஹைதராபாத்தைச் சுற்றி ஏராளம். விளையாட்டுத் தடங்களை அங்கே அமைக்கலாம், உள்ளூர் ஓட்டுநர்களுக்கு அங்கேயே வேலை தரலாம். மூன்றாவதாக, ஆற்றைக் கடந்தே பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்ல வேண்டிய கிராமங்களுக்குப் பாலம் கட்டித் தர வேண்டும். தரைப்பாலம் என்றால், குழாய்களை உயரத்தில் பதித்து மீனின் வழியை அடைக்காமல், படுகை மட்டத்திலேயே நீர் ஓடுமாறு கட்ட வேண்டும். நான்காவதாக, மணல் லாரிகளுக்காக ஆற்றுக்கு நடுவே பாதை போடுவதைத் தடுக்க வேண்டும். ஐந்தாவதாக, இரட்டை ஏரிகளுக்கான பாதுகாப்பை ஒரு அரசாணையின் தயவில் விடாமல் சட்டமாக்க வேண்டும். நீர்நிலை அழிவால் பிழைப்பு இழக்கும் மீனவர்களுக்கு இழப்பீட்டை உரிமையாக்க வேண்டும்.

பட்டன்செரு அருகே காண்டிகூடெம் ஏரியில் 2017இல் பெருமளவில் மீன்கள் செத்து மிதந்தபோது, அதன் நாற்றம் நகரத்துக்கே செய்தியைச் சொன்னது. ஓடைக்குள் நசுங்கும் முட்டைக்கு நாற்றமில்லை, படமும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து வலையில் மீன் குறையும்போதுதான் அது தெரியவரும். அப்போது மீனவனே அதிகம் பிடித்துத் தீர்த்துவிட்டான் என்று பழி சுமத்தப்படும். புலம்பெயரும் நன்னீர் மீன்களின் தொகை உலகளவில் 1970க்கும் 2020க்கும் இடையே சராசரியாக 81 சதவீதம் சரிந்துள்ளதாகச் சர்வதேச அமைப்புகள் 2024இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. அணை, கழிவு, மணல் கொள்ளை, பருவநிலை மாற்றம் ஆகிய பெருங்காரணங்களோடு ஒப்பிட்டால் வாகனம் சிறு காரணமே. ஆனால் ஏற்கெனவே குற்றுயிராகக் கிடக்கும் ஆற்றுக்குச் சிறு அடியும் பெரிய அடிதான். தவிரவும், பெருங்காரணங்களை எதிர்க்க ஆண்டுகள் பிடிக்கும். இந்த ஒன்றை நிறுத்த ஒரு மாவட்ட ஆட்சியரின் உத்தரவும், ஊர் மக்களின் உறுதியும் போதும்.

ஆகவே தோழர்களே, ஆற்றோரக் கிராமங்களில் உள்ள நமது கிளைகள் இந்த மழைக்காலத்திலேயே பணியைத் தொடங்கட்டும். விவசாயத் தொழிலாளர் சங்கமும் வாலிபர் அமைப்பும் மீனவர் சங்கங்களோடு அமர்ந்து, ஊரில் எந்தத் துறையில் எந்த மாதத்தில் மீன் ஏறுகிறது, அங்கே எந்தச் சக்கரம் இறங்குகிறது என்று ஒரு பட்டியல் எழுதட்டும். அந்தப் பட்டியலோடு கிராம சபைக்குச் செல்வோம், தீர்மானம் நிறைவேற்றுவோம், ஆட்சியர் அலுவலகத்தின் கதவைத் தட்டுவோம். ஆறு யாருடையது என்ற கேள்விக்கு விடை, அதில் வலை வீசி வாழ்பவர்களின் பக்கமிருந்து எழட்டும்.